ஒருவர் துப்பாக்கியுடன் நிற்கிறார்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நானே முடிவு செய்துகொண்டு, நேரே கேள்விக்கு வருகிறேன். ஒரு கட்டடத்துக்குள் களேபரம். போலீஸ் ஓடி வருகிறது. உள்ளே ஒருவர் துப்பாக்கியுடன் நிற்கிறார். அவர் திருட வந்தவரா, திருடனைப் பிடிக்க நிற்பவரா என்று இரண்டு நொடிக்குள் அவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? எனக்குப் பதில் தெரியாது. மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன், வாங்கிய இரண்டு பட்டங்களும் கைகொடுக்கவில்லை. உனக்குத் தெரிந்தால் எழுது. தெரியாவிட்டால் நீ அனுப்பிய படிவத்தைப் பற்றி இனிமேல் என்னிடம் பேசாதே.

ஆமாம், உன் படிவம் என் அலுவலக மேசைமேல்தான் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்குக் கைத்துப்பாக்கி எதற்கு என்று போன வாரமே கேட்டேன். “அடுத்த தெருவுல கடைய உடைச்சிட்டானுங்கக்கா. நாளைக்கு நம்ம கடைக்கு வந்தா நான் என்ன, லென்ஸத் தூக்கி அடிப்பேனா?” என்றாய். உரிமம் வேண்டுமென்றால் பொறுப்பான பதவியில் இருக்கும் இருவர் உன் நன்னடத்தைக்குச் சான்று சொல்ல வேண்டுமாம். ஒருத்தி நான், இன்னொருவரை நானே பிடித்துத் தர வேண்டுமாம், எனக்குத்தான் பெரிய மனிதர்களைத் தெரியுமாம். கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி வேறு. போட மாட்டேன். ஏன் என்று இந்தக் கடிதத்தில் சொல்கிறேன். நான் எதற்கும் பதறாதவள் என்று குடும்பத்தில் ஒரு பெயர் இருந்தது அல்லவா, அது இன்று காலை பதினொன்று பத்துக்குப் போய்விட்டது.

எங்கள் ஆவணக் காப்பகத்தை நீ பார்த்திருக்கிறாய். கீழே காட்சி அறை, அதில் கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பது பழைய தங்க நாணயங்கள். பக்கத்தில் வாசிப்பு அறை. அதற்கடுத்து என் அறை. அந்த நாணயங்களுக்காகத்தான் வாசலில் துப்பாக்கியுடன் ஒரு காவலாளி. முன்னாள் ராணுவத்தார், ஐம்பத்தெட்டு வயது, மூட்டுவலி. நாங்கள் பட்டாளத்தார் என்று கூப்பிடுவோம். ஆறு வருடமாக அந்தத் துப்பாக்கி உறையைவிட்டு வெளியே வந்ததில்லை. இன்று காலை கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது, மணி அலறியது, யாரோ ஓடினார், பட்டாளத்தார் மூட்டுவலியை மறந்து துப்பாக்கியை உருவிக்கொண்டு “நில்லு! நில்லு!” என்று துரத்தினார், ஓடியவர் வாசிப்பு அறைப் பக்கம் திரும்பியதோடு காணாமல் போனார், பட்டாளத்தார் திரும்பி வந்து வாசலை மறித்து நின்றார், திருடியவர் பின்வாசல் வழியாகப் போய்விடாமலிருக்க எழுத்தர் அதைப் பூட்டிவிட்டுச் சாவியோடு தானும் கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார், ஆக போலீசுக்குத் தொலைபேசி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

இங்கேதான் தப்பு நடந்தது, தப்பு என்னுடையது. எனக்கு உன்னைத் தவிர யாரையும் ‘அவன்’ என்று சொல்லிப் பழக்கமில்லை. திருடனாக இருந்தாலும் அறிமுகமில்லாதவர் அல்லவா. “காப்பகத்தில் ஒருவர் கண்ணாடிப் பெட்டியை உடைத்துவிட்டார்” என்றேன். “எத்தன பேரு மேடம்?” என்றார் அந்தப் பக்கம் பேசிய பெண். “ஒருவர் உள்ளே இருக்கிறார். ஒருவர் துப்பாக்கியுடன் வாசலில் நிற்கிறார்.” “துப்பாக்கியோடவா! ஆளு எப்படி இருக்காரு?” “வயதானவர். நீலச் சட்டை. மிகவும் கோபமாக இருக்கிறார்.” கோபம் இருக்காதா, ஆறு வருடக் காவலில் முதல் திருட்டு! அந்தப் பெண் ரிசீவரைப் பொத்தாமலே பக்கத்தில் இருந்தவரிடம் கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது: “ரெண்டு பேரு, ஒருத்தன் உள்ள, ஒருத்தன் வாசல்ல கன்னோட நிக்கிறான், வயசானவன், நீலச் சட்ட, வெறி புடிச்ச மாதிரி இருக்கானாம்!” நான் சொன்ன ‘ர்’ எல்லாம் கம்பியின் அந்த முனையில் ‘ன்’ ஆகி இறங்கிவிட்டன. ஐயோ, அவர் எங்கள் ஆள் என்று சொல்ல வாய் திறந்தேன், இணைப்பு போய்விட்டது. மறுபடி எடுத்தேன், எங்கேஜ்டு.

போலீஸ் எப்போதும் தாமதமாகத்தான் வரும் என்று நீ சொல்வாய். நான்கே நிமிடம். இன்று மட்டும் தாமதமாக வந்திருக்கக் கூடாதா என்று நான் வேண்டிக்கொள்ளும் நிலை. எச்சரிக்கலாம் என்று வாசலுக்கு ஓடினேன், நீ நம்ப மாட்டாய், ஓடினேன். அதற்குள் ஜீப் வந்து நின்று மூன்று கான்ஸ்டபிள்கள் குதித்துவிட்டார்கள். அவர்களைப் பார்த்து இந்த உலகத்திலேயே அதிகம் சந்தோஷப்பட்டவர் பட்டாளத்தார்தான். தன் ஆட்கள் வந்துவிட்டார்களே! முகமெல்லாம் பல்லாக, கையில் துப்பாக்கியோடு, மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்பது போலப் படியிறங்கினார். “வாங்க சார், வாங்க! கரெக்டா வந்துட்டீங்க!”

“டேய், நில்லுடா!”

“கையத் தூக்கு!”

“துப்பாக்கியக் கீழ போடுடா!”

“அசையாத! அசைஞ்ச, சுட்டுருவேன்!”

நான்கு கட்டளை, மூன்று வாய், ஒரே ஆள். கையைத் தூக்கினால் துப்பாக்கியும் கூடவே தூக்கும். கீழே போட வேண்டுமென்றால் அசைய வேண்டும். அசைந்தால் சுடுவார்கள். பட்டாளத்தார் ஒழுங்கு தெரிந்தவர், உண்மையாகவே சந்தேகம் கேட்டார்: “எத சார் மொதல்ல செய்யணும்?” ஒரு கான்ஸ்டபிளின் துப்பாக்கி அவர் நெஞ்சுக்கு நேரே நீண்டிருந்தது. அந்த விரல் இருந்த இடத்தை நான் பார்த்தேன் தம்பி. அப்போதுதான் ஜீப்பின் முன் கதவு திறந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். தோளில் நட்சத்திரங்கள். பட்டாளத்தாரின் குதிகால்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன, வலது முழங்கை மெல்ல வெளியே விலகியது. எனக்கு அந்த முழங்கையைத் தெரியும். ஆறு வருடமாகத் தினமும் காலை ஒன்பதரைக்கு எனக்காக அது அப்படித்தான் விலகும். அந்த மனிதர் இன்ஸ்பெக்டருக்குச் சல்யூட் அடிக்கப் போகிறார். வலது கையால். துப்பாக்கி இருக்கும் கையால்.

“டேய், கீழ போடுடா!”

அப்படிக் கத்தியது நான். வாசிப்பு அறையில் இருமுகிறவரைக்கூடப் பார்வையாலேயே அடக்குகிறவள், என்னைவிடப் பத்து வயது மூத்த மனிதரை, நடுத்தெரு கேட்க. பட்டாளத்தார் திரும்பி என்னைப் பார்த்தார். அடிபட்டது போல ஒரு பார்வை. விரல்கள் தானாக விரிந்தன. துப்பாக்கி படியில் விழுந்து, இரண்டு படி உருண்டு, வெடிக்காமல் நின்றது. அதற்குள் மூவரும் அவர்மேல் விழுந்தார்கள். குப்புறத் தள்ளி, முதுகில் முழங்காலை வைத்து, கைகளைப் பின்னால் முறுக்கி விலங்கு மாட்டினார்கள். “சார், நான் இங்க செக்யூரிட்டி சார்!” “எல்லாரும் அதத்தான்டா சொல்லுவானுங்க.” “கார்டு பின் பாக்கெட்டுல இருக்கு சார், எடுத்துக் காட்டட்டா?” “கைய அசைச்சுப் பாரு!” விலங்கு போட்ட கையை எப்படி அசைப்பது என்று அவர் கேட்கவில்லை, நல்லவேளை. நான் “அவர் எங்கள் ஆள், எங்கள் ஆள்” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். “நீங்க தள்ளுங்க மேடம், இன்னொருத்தன் உள்ள இருக்கான்” என்று இன்ஸ்பெக்டர் என்னைத் தாண்டிப் போனார்.

உள்ளே நடந்ததையும் கேள். வாசிப்பு அறையில் ஏழு பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் நல்ல சட்டை, படிய வாரிய தலை, நில அளவைப் பதிவேடு ஒன்றைத் திறந்துவைத்து மும்முரமாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார். இன்ஸ்பெக்டர் அவரிடம்தான் குனிந்து, “பயந்துட்டீங்களா சார்? தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார். அந்த மனிதர் நடுங்கும் குரலில், “வெளிய நிக்கிறவன்தான் சார். துப்பாக்கியோட என்னத் தொரத்தினான்” என்றார். யோசித்துப் பார், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. “பயப்படாதீங்க, அவனப் புடிச்சாச்சு. நீங்க மெதுவா வெளிய போங்க சார்.” எங்கள் நாணயங்களைக் காத்தவர் வெளியே மண்ணில் முகம் புதைந்து கிடக்கிறார், இங்கே கையில் துப்பாக்கி இல்லாததால் இவருக்கு ‘சார்’!

அப்போதுதான் கவனித்தேன். “அவர் பேனாவால் எழுதுகிறார்” என்றேன். “எழுதட்டும் மேடம், இப்ப அதுவா முக்கியம்?” “எங்கள் வாசிப்பு அறையில் பென்சில் மட்டும்தான். பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவோம். இவர் வாசகர் இல்லை.” இன்ஸ்பெக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் அந்த மனிதரை எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தார். வலது காலுறை கனம் தாங்காமல் கணுக்காலுக்குச் சரிந்து கலகலவென்று சத்தம் போட்டது.

அதற்குப் பிறகு எல்லோருக்கும் எல்லாம் புரிந்துவிட்டது. விலங்கைக் கழற்றினார்கள், மன்னிப்புக் கேட்டார்கள், எழுத்தர் கழிப்பறையைத் திறந்துகொண்டு வந்து என்ன நடந்தது என்று விசாரித்தார். குறிவைத்திருந்த கான்ஸ்டபிள் படியில் உட்கார்ந்து இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்தார். “இன்னொரு செகண்டு மேடம்” என்று மட்டும் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம். இன்ஸ்பெக்டரிடம் ஆத்திரமாகவே கேட்டேன், ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று. “நாங்க உள்ள நுழையும்போது மொகம் தெரியாது மேடம், கைதான் தெரியும்” என்றார்.

பட்டாளத்தாருக்கு உதடு கிழிந்து, மூட்டு வீங்கிவிட்டது. என் அறையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். ‘டா’ போட்டதற்கு மன்னிக்கச் சொன்னேன். “விடுங்க மேடம். போலீஸ்காரங்க டா போட்டா அது வழக்கம். நீங்க போட்டதும்தான் ஏதோ பெரிய ஆபத்துன்னு புரிஞ்சுது” என்றார். பிறகு வீட்டுக்குத் தொலைபேசி எடுத்து, வாசல்படியில் தடுக்கி விழுந்துவிட்டதாக மனைவியிடம் பொய் சொன்னார்.

இப்போது உன் விஷயத்துக்கு வா. அவர் இருபத்தைந்து வருடம் பயிற்சி எடுத்தவர், சீருடை போட்டவர், சொன்னால் கேட்பவர். அவர் கதியே இது. நீ? உன் மனைவி குழாயை மூடச் சொன்னால்கூட “ஏன்?” என்று கேட்பவன். கையை ஆட்டாமல் நீ ஒரு வாக்கியம் பேசி நான் பார்த்ததில்லை. உன் கடைக்குத் திருடன் வந்து, நீ துப்பாக்கியை எடுத்து, அதைப் பார்த்து அவர் ஓடியே போய்விட்டார் என்று வைத்துக்கொள், பிறகு போலீஸ் வரும்போது கடையில் துப்பாக்கியோடு நிற்கும் ஒரே ஆள் யார்? நீ ‘சார், என்ன நடந்துச்சுன்னா’ என்று ஆரம்பித்துக் கையோடு திரும்புவாய். கடைக்கு வருகிறவர்களிடம் ஒவ்வொரு கண்ணாடியாகப் போட்டு, ‘இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா’ என்று அரைமணி நேரம் கேட்பாயே, அந்த அவகாசம் வாசலில் நிற்கிற போலீஸ்காரருக்குக் கிடையாது. திருடன் வந்தால் கேட்டதைக் கொடு, மேசைக்கடியில் படு, தொலைபேசியில் முதல் வார்த்தையாக நீ யார், என்ன நிறச் சட்டை என்று சொல், அவர்கள் வரும்போது இரண்டு உள்ளங்கையும் வெறுமையாகத் தெரியட்டும். ஆகவே கையெழுத்து இல்லை. நாளை காலை முதல் வேலையாகப் படிவத்தை வெற்றாகவே திருப்பி அனுப்புகிறேன். இது என் கடைசி வார்த்தை, நான் ஒரு வார்த்தை சொன்னால் சொன்னதுதான் என்பது உனக்குத் தெரியும்.

பிள்ளைகளுக்கு முத்தங்கள். உன் மனைவிக்கு என் அன்பும் அனுதாபமும். நீ எல்லா வளமும் பெற்று, நூறு வயது வரை யாராலும் சுடப்படாமல் வாழ வாழ்த்தும்,

உன் அக்கா.

பி.கு. இதை நேற்று இரவு ஒட்டாமல் வைத்தது நல்லதாகப் போயிற்று. இன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வாக்குமூலம் வாங்க வந்தார். பட்டாளத்தாரைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் கைகுலுக்கினார், அவரும் நொண்டிக்கொண்டே வந்து இந்த முறை வெறுங்கையால் நல்லபடியாகச் சல்யூட் அடித்தார், நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். மேசைமேல் வாக்குமூலப் பிரதிகள் ஏழு. ஒவ்வொன்றிலும் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தி என் பக்கம் தள்ள, நானும் போட்டுக்கொண்டே போனேன். எட்டாவதில் பென்சில் குறிகூட இருந்தது, வசதியாகப் போயிற்று என்று போட்டேன். அவர் போன பிறகுதான் எழுத்தர் அதை எடுத்துப் பார்த்து, “மேடம், உங்க தம்பி துப்பாக்கி வாங்கப் போறாரா?” என்றார். உன் நன்னடத்தைக்கு இப்போது இன்ஸ்பெக்டர் ஒரு சாட்சி, நான் ஒரு சாட்சி. கிழிக்கலாம் என்று கையில் எடுத்தேன், முடியவில்லை; அரசு முத்திரை குத்திய காகிதத்தை இருபத்து நான்கு வருட வேலையில் நான் கிழித்ததே இல்லை, விதியும் அனுமதிக்காது. ஆனால் தனிநபர் நடத்தை பற்றிய ஆவணங்களை முப்பது வருடம் யார் பார்வைக்கும் தராமல் மூடிவைக்க விதி இருக்கிறது. வரிசை எண் போட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். உனக்கு எழுபத்து நான்கு வயதாகும்போது வந்து கேள், தருவார்கள்.