சூசைமாணிக்கம் கண் சிமிட்டிய படலம்

வாழிய! உப்பங்காற்று உலாவும் முதுநகரில் முப்பத்தைந்து ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்தி, மணமக்களும் மழலையரும் மாலை சுமந்த மாமன்மாரும் எதிரே அணிவகுக்க, ‘கண்ண சிமிட்டாதீங்க’ என்னும் ஒற்றை ஆணையால் ஊரையே உறையவைத்த ஒளிப்பெட்டி வேந்தன், இமையா நாட்டத்து ஏந்தல் சூசைமாணிக்கம் வாழிய!

அவனுக்கும் ஒரு நாள் சோதனை வந்தது. மனைவி ஆரோக்கிய ராணிக்குத் திங்களன்று சிதம்பரத்தில் கண்புரை அறுவை. இருவர் பெயரும் தாங்கிய மருத்துவக் காப்பீடோ சோதனை வந்த அந்நாளே மாலை ஐந்து மணியோடு உயிர் துறக்கக் காத்திருந்தது. புதுப்பிக்கலாமென்றால், கைபேசிக்கு ஓடிபி வந்தாலன்றி ஆகாதெனக் காப்பீட்டு நாட்டார் புதுவிதி வகுத்திருந்தனர். தொலைபேசி நாட்டாரோ முந்திய வாரமே தம் பங்குக்கு ஒரு புதுவிதி வகுத்து, நேரில் முகம் காட்டாதவர் சிம்மையெல்லாம் சிறையிட்டிருந்தனர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

ஆதலின் நாலு மணிக்கு, மனைவி பின்தொடர, சிம் கடையென்னும் செருக்களம் புகுந்தான். கடைப்பெண் சரண்யா அவன் முகத்துக்கு நேரே கைபேசியை வேலென நீட்டி, உயிருள்ள ஆள்தான் என்று தெரிய ஒருமுறை கண் சிமிட்டச் சொன்னாள்.

அந்தோ! கேமராவைக் கண்டதும் முப்பத்தைந்தாண்டுத் தவம் முறுக்கேறி எழுந்தது. தோள் நிமிர்ந்தது, முகவாய் இரண்டு விரற்கடை தாழ்ந்தது, மூச்சு நின்றது, இமைகள் திறந்த கோட்டைக் கதவுகளாய் இறுகின. மின்விசிறிக் காற்று மோதியும் கலங்கான். மூக்கின்மேல் ஈயொன்று குடியேறியும் இமையான். உயிர் தென்படவில்லை என்று திரையில் செவ்வெழுத்து எழுந்தது. மறுமுறையும் அவன் பிணமென்றே தீர்ப்பாயிற்று. மூன்றாவதும் தவறினால் நாளைக்குத்தான் என்றாள் சரண்யா. தன்னால் மனைவிக்குப் பார்வை போய்விடுமோ என்று வீரனின் நெஞ்சு பதறியது. பதறப் பதற விழிகள் இன்னும் விரிந்தன.

அதுவரை ஸ்டூலில் வாளாவிருந்த ஆரோக்கிய ராணி எழுந்து வந்தாள்.

“ஏங்க, நம்ம கல்யாண ஆல்பம் வெள்ளத்துல போவல. எல்லா போட்டோவுலயும் நீங்க கண்ண மூடிக்கினு நிக்கிறீங்க. ஊரு சிரிக்கும்னு நான்தான் பீரோவுல ஒளிச்சு வச்சிருக்கேன்.”

அந்த ஆல்பத்தை வெள்ளம் கொண்டுபோனதற்காக மாதாவுக்கு நன்றி சொல்லி மெழுகுவத்தி ஏற்றியவன் அவன். ஊழிக் காற்றில் சாளரங்கள் அடித்துக்கொள்வதுபோல அவன் இமைகள் ஒன்றல்ல, ஒன்பது முறை படபடத்தன. திரை பச்சையாயிற்று, சிம் சிறை மீண்டது, நாலு ஐம்பத்திரண்டுக்கு ஓடிபி எழுந்தருளியது. வெற்றி முரசு அதிரும் வேளையில், பாலிசியிலுள்ள இரண்டாவது நபரும் முகம் காட்டுக என்று காப்பீட்டு நாட்டார் கடைசி ஓலை விடுத்தனர்.

ஆரோக்கிய ராணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை சிமிட்டினாள், முடிந்துவிட்டது.