கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்த கைகள்

எனக்குப் பொய் சொல்ல நன்றாகவே வரும். என் கைகளுக்குத்தான் அந்தத் திறமை இல்லை. அது தெரியாமல்தான் நுவரெலியா டவுனில், வருங்கால மாமியாரின் முன்னால், கையும் கொழுந்துமாக மாட்டிக்கொண்டேன்.

அப்போது நான் டீச்சராகி ஆறு மாதம். ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு டீச்சர் நியமனம் வரும்வரை, தலவாக்கலைப் பக்கம், நாங்கள் லயத்து வரிசை வீட்டில் குடியிருந்த தேயிலைத் தோட்டத்தில் இரண்டு வருடம் கொழுந்து பறித்தேன். (சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே பறித்தேன்.) டீச்சரானதும் அந்த இரண்டு வருடத்தையும் மண் போட்டு மூடி, மேலே ‘கம்ப்யூட்டர் கோர்ஸ்’ என்று எழுதிவைத்தேன். கல்யாணத் தரகரிடமும் அதையே சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர்கள். கூடை தூக்கியவள் என்று தெரிந்தால் சம்பந்தம் நழுவிவிடும் என்று பயம். போட்டோவில் பார்த்த பையனை வேறு எனக்குப் பிடித்துத் தொலைத்திருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா போனில் சொன்னார்: “நான் அங்க வந்தா லயமே வேடிக்கை பாக்கும்மா. டவுன்ல புதுசா கட்டியிருக்க சுப்பர்மார்க்கெட்டுக்கு வந்துருங்க. நம்ம ரெண்டு பேரும் பேசிக்கிருவோம்.”

பழைய கடை எனக்குத் தெரியும். குடையோடு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். அதை இடித்துக் கட்டியவர்கள் உள்ளே ஒரு தேயிலைத் தோட்டத்தையே கொண்டுவந்துவிட்டார்கள். கொழுந்துக் கூடைகளைத் தலைகீழாகக் கூரையில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பல்பு. பேக்கரிப் பக்கச் சுவர் முழுக்கத் துருப்பிடித்த தகரம். எங்கள் லயத்துக் கூரையில் இருக்கும் அதே தகரம்! (அதை மாற்றித் தரச் சொல்லி அப்பா தோட்ட ஆபீசுக்கு நடந்த நடையில் கண்டிக்கே போய் வந்திருக்கலாம்.) இங்கே அதற்கு வார்னிஷ் அடித்து விளக்குப் போட்டிருந்தார்கள்.

“அழகா இருக்குல்ல?” என்றார் அந்த அம்மா.

“சூப்பரா இருக்கு ஆன்ட்டி” என்றேன், தகரத்தையே அன்றுதான் பார்ப்பவளைப் போல.

கோப்பி குடிக்கும் மேசைகளுக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சுவரை ஒட்டி நீளமான மரப்பெட்டி. அதில் வரிசையாக எட்டுத் தேயிலைச் செடிகள். நிஜச் செடிகள். பல வாரமாக யாரும் கை வைக்காததால் கொழுந்து மண்டிக் கிடந்தது. மேசை காலியாகட்டும் என்று அங்கேயே நின்று பேசினோம்.

“ஏ.எல். முடிச்சு ரெண்டு வருசம் என்னம்மா செஞ்சீங்க?”

“கம்ப்யூட்டர் கோர்ஸ் ஆன்ட்டி. ஹட்டன்ல.”

“என்னென்ன சொல்லிக் குடுத்தாங்க?”

எனக்கு வியர்த்தது. நுவரெலியாக் குளிரில் வியர்ப்பது லேசான காரியமில்லை. “மொதல்ல மவுஸ்... அப்புறம் டைப்பிங் ஆன்ட்டி. ரெண்டு கையாலயும் வேகமா...”

வாய் டைப்பிங்கில் இருந்தபோதே கைகள் தங்கள் வேலையைத் தொடங்கிவிட்டன. கொழுந்தை இரண்டு கையாலும் பறித்து, கை நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே முதுகுக் கூடைக்குள் எறிய வேண்டும். நானும் முறைப்படி எறிந்தேன். முதுகில் கூடைதான் இல்லை.

முதல் செடி முடிந்து இரண்டாவதுக்கு நகர்ந்தேன். அந்த அம்மாவும் கேள்வி கேட்டபடியே கூட நகர்ந்தார். மூன்றாவது செடியில்தான் “மிஸ், மொகத கரன்னே!” என்று ஒரு சத்தம். என்ன செய்கிறீர்கள் என்று சிங்களத்தில் அலறியபடி மேற்பார்வையாளர் ஓடிவந்துகொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். பின்மேசையில் டை கட்டிய ஒரு பெரியவர். தலையில் கொழுந்து, மடியில் கொழுந்து, கோப்பியில் கொழுந்து. பாவம், அவர் கூரையில் தொங்கிய கூடைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து கொட்டுகிறது, இதுவும் அலங்காரத்தில் சேர்த்தி என்று நினைத்துவிட்டார் போல.

பெரியவரிடமும் மேற்பார்வையாளரிடமும் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் மன்னிப்புக் கேட்டேன். கல்யாணம் போச்சு என்று தெரிந்துவிட்டது. அந்த அம்மா குனிந்து தரையில் கிடந்த ஓர் இலையை எடுத்து, விரலால் ஒடித்துப் பார்த்தார்; அது ஒடியாமல் மடங்கியது.

“இந்த முத்தின எலைய ஏன் எடுத்த? கொழுந்து நிறுக்குறப்ப இதக் கொட்டியிருந்தா கணக்கப்புள்ள பாதிய கழிச்சிருப்பாரு.”

நான் இலையைச் சோதித்த அந்த விரல்களைப் பார்த்தேன்.

“நான் ஏழு வருசம் கொழுந்தெடுக்க மலைக்குப் போனவ. உங்க மாமா துணி மூட்டையோட லயத்துக்கு யாவாரத்துக்கு வருவாரு. அப்பப் பாத்துக் கட்டுனதுதான். புள்ளைககிட்ட வலப்பனை டவுன்ல பொறந்தேன்னு சொல்லி வச்சிருக்கேன். நீயும் வாயத் தொறந்துறாத.”

“அப்ப ஏன் ஆன்ட்டி நிப்பாட்டல?”

“மொதச் செடியிலயே தெரிஞ்சு போச்சு. கை வேகம் எப்பிடின்னு பாத்தேன். பரவாயில்ல. ஆன்ட்டி வேணாம், அத்தைன்னே கூப்புடு.”

என் வாழ்நாளில் எந்தப் பரீட்சையில் தேறியபோதும் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கல்யாணமாகி ஒரு மாதத்துக்குள் இரண்டு ரகசியமும் வெளியே வந்துவிட்டன. (வாயைத் திறந்தது நான் இல்லை, அத்தையேதான்.) இன்றும் எங்கள் வீட்டில் பொய்க்குப் பெயர் ‘கம்ப்யூட்டர் கோர்ஸ்’. கடையில் வேலை அதிகம் என்று என் கணவர் தாமதமாக வந்தால், “எத்தன மாசக் கோர்ஸுப்பா?” என்று அத்தை கேட்பார்.

போன மாதம் மூவருமாக அந்தக் கடைக்குப் போனோம். “ரெண்டு பேரும் கையக் கட்டிக்கிட்டு வாங்க” என்று வாசலிலேயே உத்தரவு போட்டார் கணவர். அவசியமே இருக்கவில்லை. மரப்பெட்டியில் இப்போது பிளாஸ்டிக் செடிகள். அத்தை அக்கம்பக்கம் பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளினார். ஒடித்துப் பார்த்தார், ஒடியவில்லை.

“முத்தல்” என்று சொல்லி, திரும்பிப் பார்க்காமல் தோளுக்கு மேலே எறிந்தார்.