காலி இருக்கை அறுபது

கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலைக்குப் போன முதல் வருஷத்தில் எவனையும் கல்யாண வேலைக்குச் சேர்க்கக் கூடாது. என்னைச் சேர்த்தார்கள்.

அக்கா கல்யாணம், சூளகிரி மண்டபத்தில். அம்மா எனக்குக் கொடுத்த பொறுப்பு ஒன்றுதான்: மாப்பிள்ளை வீட்டார் ஒருத்தர்கூட, சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் இடம் பிடிக்க நிற்கக் கூடாது. நின்றால் மாப்பிள்ளை ஊரான ஆனேக்கல் வரைக்கும் பேச்சாகும், அதைக் காலத்துக்கும் கேட்கப்போவது அக்கா.

எட்டிப் பார்த்து ஆள் அனுப்பினால் முடிகிற வேலை. (நாங்கதான் இன்ஜினியராச்சே!) பந்தி வாசலில் ஒரு டிவியை மாட்டினேன். உள்ளே சித்தப்பா, ஆள் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் போனில் தட்டுவார். அது டேட்டாபேஸில் ஏறும். டிவி அதைக் கேட்டுக் காலி இடத்தைக் காட்டும்.

மண்டபத்து நெட்டில் பதில் வரவே யுகமானது. டிவிக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே போய்வருகிற சாஃப்ட்வேருக்கு டிரைவர் என்று பெயர். அதில் கேஷ் என்று ஒரு வசதி உண்டு: ஒருமுறை வாங்கிய பதிலைத் தானே எடுத்து வைத்துக்கொள்ளும், அதே கேள்வி திரும்ப வந்தால் அதையே நீட்டும். ஒரே வரியில் போட்டுவிட்டேன். நம்பர் பட்டென்று வந்தது. (செம கெத்து.)

பந்தி திறந்தது. டிவியில் 'காலி இருக்கை: 60'. ஹால் நிரம்பியது. அப்போதும் அறுபதுதான். சித்தப்பா தட்டிக்கொண்டேதான் இருந்தார், டேட்டாபேஸும் எழுதிக்கொண்டேதான் இருந்தது. என் டிரைவர்தான் அந்தப் பக்கமே போகவில்லை. நானோ ஹாலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டிவியைப் பார்த்து ஆட்களை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.

உள்ளே போன மாப்பிள்ளையின் பெரியப்பா அதே வேகத்தில் திரும்பி வந்தார்.

"உள்ள எடம் இல்லப்பா."

"இருக்குதுங்க. டிவியப் பாருங்க, அறுபது."

டிவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்ப எலைய அதுலயே போடச் சொல்லு."

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் ஒருத்தர் என்று மாப்பிள்ளை வீடே நின்றுகொண்டிருந்தது.

அம்மா வந்தார். டிவி ஒயரைப் பிடுங்கினார்.

"எண்ணத் தெரியுமில்ல? உள்ள போயி எண்ணு."

பாயசத்துக்குக் காத்திருந்த எங்கள் பங்காளி ஒருவரை எழுப்பிவிட்டு, புது இலை போட்டுப் பெரியப்பாவை உட்கார வைத்தார். (பங்காளி இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை.)

அக்காவை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எல்லாவற்றையும் என்னிடம்தான் கேட்கிறார்கள். ஓசூரிலிருந்து போன் போட்டு, "கெளம்பிட்டேன் மாமா, வழியில வந்துட்டிருக்கேன்" என்றால், அக்கா வீட்டுக்காரர் நிதானமாகக் கேட்பார்:

"இது இப்பத்த பதிலா, காலைல எடுத்து வெச்சதா?"

(கேட்பது நியாயம்தான். நான் அப்போது லுங்கியில்தான் இருப்பேன்.)