அப்பா, பந்து!

எனக்கு நடிக்கத் தெரியாது. இந்த உண்மை ஒன்பது வயதிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த விதம்தான் சரியில்லை.

ஜப்பான்காரன் காலம். மலாயாவில் கோலா கெத்திலுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோயிருந்தது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. கால்சட்டை கோணிச்சாக்கில் தைத்தது (ஓடினால் தொடை உரியும், ஆனாலும் ஓடுவோம்). ரப்பர் மரத்தில் காய்ந்து கிடந்த ஒட்டுப்பாலை நாராக உரித்து, சுற்றிச் சுற்றிப் பந்து செய்வோம். அந்தப் பந்து எங்களைவிடத் தெம்பாகக் குதிக்கும். உதைத்த பக்கம் மட்டும் போகாது.

ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் பழைய கொட்டகைக்கு முன்னால்தான் ஆட்டம். அதற்குள் பத்து நாளாக என் அப்பா ஒளிந்திருந்தார். சயாமில் ரயில்பாதை போட லோரியில் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பவில்லை.

"லோரி வந்தா வெளையாடிக்கிட்டே இருங்க. கொட்டாய்ப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கக்கூடாது" என்று அம்மா சொல்லிவைத்திருந்தாள். பந்து உள்ளே போனால் நான் "அப்பா, பந்து!" என்பேன், மேலே இருந்த ஓட்டை வழியாக அது திரும்பி வரும். (இதை அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.) பத்து நாளில் வாய்க்கு அது பழகிப்போயிற்று.

அன்று லோரி வந்தது. ஒரு ஜப்பான் சிப்பாயும், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியும் இறங்கினார்கள். குனிந்து வணங்கிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தோம். ஒன்றும் தெரியாத பிள்ளையாக நான் நடித்தேன். கொஞ்சம் அளவாக நடித்திருக்கலாம். சிப்பாய் நின்று கைதட்டினான். அவ்வளவுதான், எனக்குத் தலைகால் புரியவில்லை. லயத்து வீடெல்லாம் பார்க்கட்டும் என்று ஓங்கி உதைத்தேன். பந்து கல்லில் பட்டு எகிறி, கொட்டகைக்குள் போய் விழுந்தது.

"அப்பா, பந்து!"

வாயைப் பொத்திக்கொண்டேன். சிநேகிதன் முனியன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். உள்ளே சத்தமில்லை. அப்பாடா என்று மூச்சு விட்டபோது, ஓட்டை வழியாகப் பந்து வந்தது. நேராக என் காலடிக்கு.

சிப்பாய் வாய்விட்டுச் சிரித்தான். கிராணி தலையைக் குனிந்துகொண்டார்.

லோரி வந்தது தெரியாமல் அப்பா தூங்கிப்போயிருந்தாரா, என் குரல் கேட்டுத்தான் விழித்தாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. உடம்பெல்லாம் கரியோடு வெளியே வந்தார். நான் ஓவென்று அழுதேன். லோரியில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "அளுவாதடா. நல்லாத்தான் ஒதச்ச" என்றார். அவர் திரும்பி வரவில்லை.

அம்மா என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இருபது வருடம் கழித்து, மெர்கோங்கில் எங்கள் வீட்டு வாசலுக்குள் ஒரு பந்து விழுந்தது. வேலிக்கு வெளியிலிருந்து என் மகன் கத்தினான்.

"அப்பா, பந்து! சீக்கிரம்லா!"

எடுத்தேன். கை எழவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். லோரி போன நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"போடுடா. லோரி நிக்கையிலயே உங்கப்பா போட்டாரு."

இப்போது எங்கள் வீட்டில் யார் எதைக் கேட்டாலும், கொடுக்க யோசிப்பவரிடம் பேரப்பிள்ளைகள் வரை இதைத்தான் சொல்லிச் சிரிக்கிறார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். எனக்குத்தான் நடிக்கத் தெரியாதே, பாதியில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவேன்.