நரிக்குக் கிடைத்த பற்றவைப்பு உரிமம்

ஒரு காட்டில், மரங்கள் தீர்ந்து உப்பங்கழி தொடங்கும் ஓரத்தில், ஒரு நீர்நாய் படகு விட்டுப் பிழைத்துவந்தது. ஒரு நாள் பாறையில் மோதி, படகின் பின்பாதி போய்விட்டது. காட்டில் எப்போதோ விழுந்துகிடந்த விமானத்தின் இறக்கையை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம் என்று, வெல்டிங் தெரிந்த கரடியிடம் போனது.

கரடி இரண்டையும் தட்டிப் பார்த்தது. இரண்டும் அலுமினியம்தான், ஆனால் வேறு வேறு கலவை என்றது. படகுத் தகடு உப்பைத் தாங்கும். இறக்கைத் தகடு எவ்வளவு இழுத்தாலும் தாங்கும், உப்பைத்தான் தாங்காது. பொருத்தமான கம்பி போட்டு, மேலே பூச்சும் அடித்தால்தான் நிற்குமாம்.

ஆனால் உரிமம் இல்லாமல் யாரும் வெல்டிங் வைக்கக் கூடாது என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. அலுவலர் கொக்குக்குத் தமிழ்ப்பற்று அதிகம். 'வெல்டிங்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'பற்றவைப்பதில் அனுபவம் உண்டா? சாட்சிகள் எத்தனை?' என்று படிவம் அச்சடித்திருந்தது. கரடிக்கு இரண்டு சாட்சி. நரிக்கு நாற்பது.

"நரிங்களா? அது பத்த வைக்காத வீடே இந்தக் காட்டுல கிடையாதுங்க" என்றது முதல் சாட்சியான முயல். மற்ற முப்பத்தொன்பதும் தலையாட்டின. உரிமம் நரிக்குப் போனது.

நரி கைக்குக் கிடைத்த கம்பியை உருக்கி ஒட்டியது. கரடி சொன்னதை நீர்நாய் நினைவுபடுத்தியது.

"ரெண்டும் அலுமினியம்தானேக்கா. சொந்தத்துக்குள்ள என்ன சண்டை வந்துடப்போகுது?"

இதைச் சொன்னது நரி என்பதுதான் விசேஷம்.

யானை இழுத்துப் பார்த்தது, ஒட்டு விடவில்லை. கொக்கு 'உறுதி' என்ற கட்டத்தில் டிக் அடித்தது. உப்புக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாம் மாதம், ஒட்டுக்குப் பக்கத்தில் இறக்கைத் தகடு வெள்ளைப் பொடியாக உதிர்ந்து, நடுக்கழியில் படகு இரண்டானது. நீர்நாய் நீந்திக் கரையேறிவிட்டது. பிழைப்பு கரையேறவில்லை.

ஆறுதல் சொல்ல முதலில் வந்தது நரிதான். பொறாமையில் கரடி கம்பியை மாற்றி வைத்துவிட்டது என்று நீர்நாயிடம் சொன்னது. படகு உடைந்ததே கரடியின் வாய்முகூர்த்தம் என்று நீர்நாய் காடெல்லாம் பேசுவதாகக் கரடியிடம் சொன்னது. புதுப் படகு செய்யத் தெரிந்தது கரடி ஒன்றுதான். அதனோடு நீர்நாய் பேசுவதில்லை.

ஐந்தாண்டு கழித்து, உரிமத்தைப் புதுப்பிக்கக் கொக்கு வந்தது. நரி பற்றவைத்ததில் ஏதாவது இன்னும் நிற்கிறதா என்று விசாரித்தது. முயல் கழிமுனையைக் காட்டியது. அங்கே படகில்லாத நீர்நாயும் வேலையில்லாத கரடியும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

'ஐந்து மழை, ஐந்து கோடை, ஓயாத உப்புக்காற்று. கீறல்கூட இல்லை' என்று எழுதி, கொக்கு உரிமத்தை ஆயுளுக்கும் நீட்டியது.

நீதி: உப்பு அரிக்காத பற்றவைப்பு வேண்டுமென்றால், அலுமினியத்தில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள்.