பதினாலு பேர் வருவதாகச் சொன்ன சம்பந்திக்கு

ராஜபாளையம்,
புதன்கிழமை.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை பொன்னுராஜ் அவர்கள் சமூகத்துக்கு, பேண்டேஜ் துணி பேச்சிமுத்து கைகூப்பி எழுதிக்கொண்டது. ஆண்டாள் புண்ணியத்தில் தாங்களும் வீட்டாரும் கடையும் அடுப்பும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே தறி நலம், நாய் நலம். மனிதர்களைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்துக்குக் கடிதமா என்று தாங்கள் சிரிக்கலாம். வெள்ளிக்கிழமையிலிருந்து தாங்கள் என் போனை எடுக்கவில்லை என்பதைப் பணிவோடு நினைவூட்டுகிறேன்.

அன்று நிச்சயதார்த்தம் பாதியில் நின்றதற்கு என் மகள் மாரிச்செல்வியின் வாய்த்துடுக்குதான் காரணம் என்று வேனில் ஏறும்போது சொன்னீர்கள். இல்லை சம்பந்தி, அவள் பார்க்கிற வேலைதான் காரணம். கம்ப்யூட்டருக்குள்ளே கெர்னல் என்று ஒன்று இருக்கிறதாம். யார் யாருக்கு எதை அனுப்பினாலும் போய்ச்சேர வேண்டிய விலாசத்தை அதுதான் உள்ளுக்குள் கைமாற்றி விடுகிறதாம். அந்த விலாசத்தை வைக்க ஒரு பெட்டி. ஆதியில் அதைச் செய்த புண்ணியவான் பதினாலு எழுத்துக்கு இடம் போதும் என்று மூடிமேலேயே எழுதிவிட்டான். இப்போது விலாசமெல்லாம் நீண்டு இருபத்தெட்டு வரைக்கும் வந்துவிட்டது. ஆனாலும் மூடியைப் பார்த்தால் பதினாலு. எல்லாரும் வாயால் பதினாலு என்று சொல்லிக்கொண்டு கையால் இருபத்தெட்டைத் திணிக்கிறார்கள். வாங்குகிறவன் மூடியை நம்பி இடம் ஒதுக்கினால் மிச்சமெல்லாம் பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்து அங்கே இருந்ததை அழித்துவிடுமாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிறவர்களோடு சேர்ந்து, என் மகள் மாடியில் உட்கார்ந்து ஆறு மாதமாக இதைத்தான் சுத்தம் பண்ணிக்கொண்டிருக்கிறாள்.

இந்த நேரம் பார்த்துத் தாங்கள் போன் பண்ணி, "கூட்டமெல்லாம் இல்ல சம்பந்தி, ஒரு பதினாலு பேரு வாரோம்" என்றீர்கள். நம் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியாதா? மாப்பிள்ளை வீட்டார் பதினாலு என்றால் முப்பது இலை போட வேண்டும், போட்டுவிட்டு வாயைத் திறக்கக் கூடாது. முப்பதுக்குத்தான் அரிசி அளக்கச் சொன்னேன். மாரிச்செல்வி அளக்க விடவில்லை. "ஏம்ப்பா, மாமா பதினாலுன்னு சொன்னா பதினாலுதான். நீங்க முப்பதுக்குப் பொங்குனா அவியளப் பொய் சொல்றவுகன்னு ஆக்குன மாதிரியில்ல இருக்கு" என்றாள். என் வீட்டுக்காரி வேலுத்தாய், "ஏட்டி, நீ படிச்சத மாடியோட வச்சுக்க, அடுப்படிக்குக் கொண்டு வராத" என்று சத்தம் போட்டாள். நான் யோசித்துப் பார்த்தேன். மகள் சொன்னது தங்களுக்கு மரியாதையாகத்தான் பட்டது. பதினாலு இலை வாங்கினேன், வடையை எண்ணிச் சுட்டோம். தாங்கள் இருபத்தெட்டுப் பேரோடு வந்து இறங்கினீர்கள்.

வேன் கதவு திறந்து ஆட்கள் இறங்க இறங்க எனக்குக் கண்ணைக் கட்டியது. மகள் பட்டுச்சேலையும் பூவுமாக வாசலுக்கு வந்து, "மாமா, பதினாலு பேருன்னு சொன்னீக. மிச்சப் பேரு யாரு?" என்று கேட்டாள். மாப்பிள்ளை வினோத் சிரித்துவிட்டார், தாங்கள் சிரிக்கவில்லை. நிலைமையைச் சமாளிக்க நான் மிச்சப் பேரை, "செத்த நேரம் பக்கத்து வீட்டுப் பந்தல்ல உக்காருங்க" என்று அனுப்பினேன். அந்தப் பந்தல் ஜெபா டீச்சர் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போட்டது என்பது அந்தப் பதற்றத்தில் எனக்கு மறந்துவிட்டது. தங்கள் தமையனார் ராக்கப்பன் அண்ணாச்சி தேவதானத்திலிருந்து அன்றுதான் முதல் தடவையாக வருகிறார், அங்கே போய் உட்காரச் சொன்ன ஆள்தான் பெண்ணின் அப்பா என்று அவருக்குத் தெரியாது. பாஸ்டர் கைகளை உயர்த்தச் சொன்னதும் அண்ணாச்சி உயர்த்தினார், கூட வந்த பதிமூன்று பேரும் உயர்த்தினார்கள். பிறகு பன்னும் டீயும் வந்தன, சாப்பிட்டார்கள். ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்களுக்குப் பன் இல்லை. அதோடு விட்டாரா அண்ணாச்சி? கையிலிருந்த பரிசச் சேலைத் தட்டை பாஸ்டரிடம் நீட்டி, "பொண்ணுக்கு அப்பா நீங்கதான? நல்ல அமரிக்கையா நடத்துறீக" என்றார். பாஸ்டர் காணிக்கை என்று நினைத்து வாங்கிக்கொண்டு எல்லாரையும் ஆசீர்வதித்துவிட்டார். இந்தப் பக்கம் தாங்கள் சேலைத் தட்டு எங்கே எங்கே என்று தேடுகிறீர்கள், அந்தப் பக்கம் அல்லேலூயா சத்தம் கேட்கிறது. தட்டு மாற்றவில்லை, வெற்றிலை எடுக்கவில்லை, தாங்கள் கொண்டுவந்த பால்கோவாத் தூக்கு வந்த வழியே வேனில் ஏறிவிட்டது. ஜெபா டீச்சர் தங்கமானவர். சேலையைப் பிரிக்காமல் பீரோவில் வைத்திருக்கிறார். தட்டை வெறுமனே அனுப்பக் கூடாதென்று கேக் வைத்து அனுப்பினார், அது நன்றாக இருந்தது.

சம்பந்தி, சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். வெள்ளிக்கிழமையிலிருந்து என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் திருத்தியதையெல்லாம் வெளிநாட்டுப் பெரியவர்கள் ஏற்றுக்கொண்டதாகத் திங்கட்கிழமை தகவல் வந்தது. அதைப் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடிவிட்டாள். "நான் கேட்டது தப்பாப்பா?" என்கிறாள். வினோத் மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருக்கிறது. எனக்கும் பிடித்திருக்கிறது. இந்தச் சம்பந்தம் போய்விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பேச்சை மாற்றுவதற்காக, அந்தப் பதினாலை எப்படிம்மா சரி பண்ணினாய் என்று கேட்டேன். "மூடியில எழுதியிருந்த பதினால அழிச்சாச்சுப்பா. இனிமே பெட்டி தன் அளவச் சொல்லாது. உள்ள இருக்குறதோட நெசமான அளவு தனியா, கூடவே கைமாறும்" என்றாள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. தாங்கள் மாப்பிள்ளை வீட்டுக்காரர். தங்கள் வாயால் எந்த எண்ணை வேண்டுமானாலும் சொல்லுங்கள், அது தங்கள் உரிமை. உண்மையான எண்ணிக்கையை மட்டும் மாப்பிள்ளை தனியாக என் மகளுக்கு அனுப்பட்டும். வாசலில் யாரும் யாரையும் எண்ண மாட்டோம். இன்னொரு தடவை வந்து தட்டு மாற்றிக்கொள்ள வேண்டும் என்று தங்கள் காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி, ராக்கப்பன் அண்ணாச்சிக்குப் பாஸ்டரின் விசாரிப்பு.

இப்படிக்கு,
தங்கள் பதிலையே பார்த்திருக்கும்
பேச்சிமுத்து.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை போனில் அனுப்பியிருக்கிறார்: "ஞாயித்துக்கிழமை. ஐம்பத்தாறு." அதை மகள் காட்டிக்கொண்டிருக்கும்போதே தங்கள் அழைப்பு வந்தது. "நடந்தது நடந்துபோச்சு சம்பந்தி. ஞாயித்துக்கிழம வாரோம். கூட்டமெல்லாம் இல்ல, ஒரு பதினாலு பேருதான்" என்றீர்கள். "சந்தோசமா வாங்க, பதினாலு பேருக்கே பொங்குறேன்" என்றேன். மாப்பிள்ளை அனுப்பிய எண்ணை இதில் எழுதிவிட்டபடியால், இனி இந்தக் கடிதத்தைத் தங்களுக்கு அனுப்புவதற்கில்லை. காலைத் தொட்டதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். மாரிச்செல்வி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சமையல்காரருக்குப் போன் போட்டு, "அண்ணே, மாப்பிள்ள வீட்டுலருந்து பதினாலு பேரு வாராக. அறுபது இல சொல்லிருங்க" என்றாள்.