பேச்சிப்பாறைக்காரனின் கணுக்கால்

என் அக்காள் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது, என்னைத் தவிர. அதுவும் வேண்டுமென்று செய்ததல்ல. சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும்போது கைதவறி நடந்துவிட்டது.

இருபது வயதில் நான் தோவாளையிலேயே வேகமான ஆள் என்று ஒரு பேச்சு இருந்தது. (பேச்சைக் கிளப்பியது நான்தான்.) எங்கள் பக்கமெல்லாம் இன்னும் திருவிதாங்கூர்-கொச்சியோடு கிடந்த காலம். அப்பாவுக்குப் பூ வியாபாரம். பிச்சிப்பூக் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு, வடசேரியில் பஸ் புறப்படும் முன்னால் கொண்டு சேர்க்கவேண்டியது என் பொறுப்பு. பூ வாடினாலும் அடி, பஸ் போனாலும் அடி. இப்படி இரண்டு பக்கமும் அடி காத்திருந்தால் எவன் காலும் வேகமாகத்தான் மிதிக்கும். அதற்குப் பயிற்சி என்று நான் பெயர் வைத்ததெல்லாம் பிற்பாடு.

முதல் பந்தயம் பொங்கலுக்கு நடந்தது. கோயிலைச் சுற்றி நாலு தெரு, ஐந்து சுற்று. எனக்கு முன்னால் போனவனின் வேட்டி செயினில் மாட்டிக்கொண்டதால் நான் ஜெயித்தேன். (வேட்டி விஷயத்தை இன்றுதான் எழுதுகிறேன்.) அடுத்தது வாசகசாலை ஆண்டு விழா. அதில் யாருடைய வேட்டியும் சிக்கவில்லை, அப்படியும் ஜெயித்தேன். மூன்றாவது வெற்றிக்குப் பிறகு கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்ட ஆரம்பித்தேன். நாலாவதுக்குப் பிறகு தெருவில் யாராவது "ஏலே ஆறுமுகம்" என்று கூப்பிட்டால் உடனே திரும்பாமல் கொஞ்சம் நிதானித்துத் திரும்பினேன்.

இந்த முன்னேற்றத்துக்கெல்லாம் காரணம் என் அக்காள் கனகம். கடிகாரம் எங்கள் வீட்டில் கிடையாது. அக்காள் கோயில் வாசலில் உட்கார்ந்து பூக் கட்டுவாள். நான் ஒரு சுற்றுப் போய் வருவதற்குள் எத்தனை பூ கட்டியிருக்கிறாள் என்பதுதான் கணக்கு.

"இன்னைக்கு நாப்பத்தி ரெண்டு. நேத்து முப்பத்தெட்டுதான். மாடு குறுக்க வந்துதா?"

"நீ வேகமாக் கட்டியிருப்ப."

"என் கையில ஒரு குத்தமும் இல்ல. உனக்க கால்தான் தூங்குகு."

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. கோயிலைச் சுற்றி ஓட்டுகிறவன் எந்தப் பக்கமாக ஓட்டுவான்? சாமி வலக்கைப் பக்கம் இருக்கும்படிதான். மறுபக்கமாக ஓட்டினால் தெருவில் கல்லெடுத்து எறிவார்கள். ஆக, மூன்று வருஷம் நான் வலப்பக்கம் மட்டுமே திரும்பியவன். வலப்பக்க வளைவில் என் சைக்கிள் தரையோடு தரையாகச் சாயும். இடப்பக்கம் ஒரு வளைவு இருக்கிறது என்பதே எனக்கு நினைவில்லை.

அந்தப் பங்குனியில் அக்காளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. அதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒன்றுக்கு ஜாதகம் என்றார்கள், இன்னொன்றுக்குக் காரணமே சொல்லவில்லை. அந்தப் பேச்சு வந்தால் அக்காள் பூவைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டுவாள். மூன்றாவதாக வந்த மாப்பிள்ளைக்குப் பேச்சிப்பாறை அணைக்கட்டில் வேலை, பெயர் தாணு. பெண் பார்க்க வந்த அன்று நான் பந்தயப் பயிற்சியில் இருந்தேன். அக்காளோ தலை நிமிரவில்லை.

"ஆள் எப்படிக்கா இருக்காரு?"

"கால் நல்லா இருக்கு. இடது கால்ல ரெண்டாம் விரல் நீளம். நகம் கறுத்துக் கிடக்கு, எங்கயோ இடிச்சிருப்பாரு போல."

"மூஞ்சி?"

"அது கல்யாணத்துக்குப் பொறவு பாத்துக்கிடலாம்."

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதுதான் பெரிய பந்தயம் வந்தது. தண்ணீர் வற்றிய ஒரு பெரிய குளம். நடுவில் ஒரு திட்டு, அதன்மேல் இசக்கியம்மன் பீடம். திட்டைச் சுற்றி மண்ணைச் செதுக்கி வட்டப் பாதை போட்டிருந்தார்கள். பத்துச் சுற்று. பிரேக்கைக் கழற்றிவிட வேண்டும். புழுதியில் ஒருவன் பிரேக் பிடித்தால் பின்னால் வருகிறவன் எல்லாம் அவன் முதுகில் ஏறுவான் அல்லவா. ஏழு பேர். நான் பயப்பட வேண்டியது ஒரே ஒருவனுக்குத்தான், மலைரோட்டில் ஓட்டிப் பழகிய பேச்சிப்பாறைக்காரன் ஒருவன் வருகிறான் என்றார்கள். பேச்சிப்பாறையிலிருந்து மாப்பிள்ளையும் வருகிறார், பந்தயக்காரனும் வருகிறான். இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மூளை இருந்திருந்தால் நான் ஏன் சைக்கிள் ஓட்டப் போகிறேன்?

பந்தயத்தை நடத்தியவர் பட்டாளத்திலிருந்து வந்த டிரில் மாஸ்டர். அவர் மண்ணில் கிழித்திருந்த கோட்டைக் காட்டி, எல்லோரும் இடப்பக்கமாகத் திரும்ப வேண்டும் என்றார்.

"சார், அம்மனை இடமாச் சுத்தலாமா?"

"இது கும்பிடுததுக்கு இல்லடே, ஓட்டுததுக்கு. பட்டாளத்துல எல்லாம் இப்படித்தான்."

கரையில் கூட்டம். அக்காள் பூவும் நாருமாக உட்கார்ந்திருந்தாள். வேட்டுச் சத்தம் கேட்டதும் பாய்ந்தேன். முதல் வளைவு வரைக்கும் நான்தான் முதல். வளைவில் எல்லோரும் இடக்காலை மண்ணில் ஊன்றி இடப்பக்கம் சறுக்கிப் போனார்கள். நான் வழக்கம்போல வலப்பக்கம் சாய்ந்தேன். பாதை ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். குளத்து மடைக்குப் பக்கத்தில் சேறு காய்ந்து கிடந்தது, அதில் ஒரு குட்டிக்கரணம்.

எழுந்தேன். கண்ணெல்லாம் புழுதி. ஹேண்டில்பார் கொஞ்சம் கோணியிருந்தது, நானும் அப்படித்தான். சைக்கிளை நிமிர்த்தி ஏறி மிதித்தேன். கால் தனக்குத் தெரிந்த வழியில் போயிற்று. அம்மன் வலக்கைப் பக்கம்.

உடனே எல்லாம் சுகமாகிவிட்டது. வளைவு என்ன அழகாக வருகிறது. முன்னால் ஒருத்தன் இல்லை. அத்தனை பேரையும் எப்போது முந்தினோம் என்று எனக்கே ஆச்சரியம். கரையில் ஜனங்கள் எழுந்து நின்று கையை ஆட்டிக் கத்தினார்கள். நானும் ஒரு கையை எடுத்து அவர்களுக்கு ஆட்டினேன். (இதை அக்காள் இன்றும் நடித்துக் காட்டுவாள்.) அப்போது எதிரே ஒரு புழுதி மேகம் வந்தது. அதற்குள் ஆறு சைக்கிள்கள். பாவிகள் ஆறு பேரும் வழி தவறி வருகிறார்களே என்று எனக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

பிரேக் பிடிக்கலாம் என்று நினைத்தபோது பிரேக் இல்லை என்பதும் நினைவுக்கு வந்தது. ஐந்து பேர் விலகினார்கள். முன்னால் வந்தவனால் முடியவில்லை.

புழுதி அடங்கியபோது அக்காள் வந்துவிட்டாள். முதலில் என் தலையைத் தடவிப் பார்த்தாள், உடைந்திருக்கவில்லை என்று தெரிந்ததும் அதே தலையில் ஓர் அடி போட்டாள். "ஏலே, கண்ணு எங்க இருந்துது" என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். பக்கத்தில் கிடந்தவனின் இடது காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கணுக்கால் இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை.

"மக்கா, இது அவியளுக்க காலுல்லா?"

"எவியளுக்க?"

அவள் அந்தக் காலின் கறுத்த நகத்தைக் காட்டினாள். கையில் இருந்த பூவெல்லாம் கீழே சிந்திக் கிடந்தது. கிடந்தவர் மெல்லத் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். அவளும் அந்த முகத்தை முதல் தடவையாகப் பார்த்தாள். இருவரும் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தார்கள் என்பது என் அபிப்பிராயம்.

வைத்தியர் ஆசான் வீட்டுக்கு மாட்டு வண்டியில் கொண்டுபோனோம். வழியில் நான், "அத்தான், நான் வேணும்னு…" என்று இழுத்தேன்.

"தெரியும். சும்மா வாரும். குலுங்கினா வலிக்குகு."

ஆசான் எலும்பைப் பிடித்து வைத்து, மூங்கில் சிம்பு கட்டி, நாற்பத்தொரு நாள் என்றார். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள். அந்த நேரம் பார்த்து அத்தானுடைய பெரியப்பா வந்து சேர்ந்தார். அப்பா இல்லாத பையனை வளர்த்தவர் அவர், கல்யாணத்தை முடிவு செய்தவரும் அவர்தான். காலில் இருந்த கட்டைப் பார்த்தார். செய்தி கேட்டு ஓடிவந்திருந்த என் அப்பாவைப் பார்த்தார்.

"தாலி கட்டும் முன்னாலேயே காலு போச்சு. பொண்ணுக்க ராசி தெரிஞ்சு போச்சு வேய். நாம வேற யோசிக்கலாம்."

அப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்தார், பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பத் தோளிலேயே போட்டார். வாசல் நடையில் அக்காள் நின்றிருந்தாள். அவள் கை மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பூ இல்லாமல், நார் இல்லாமல், சும்மா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் எத்தனையோ தடவை அசடு வழிந்திருக்கிறேன், அந்தக் கையைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே செத்துப்போகலாம் போல இருந்தது. குற்றம் என்னுடையது, ராசி என்னுடையது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

அதற்குள் கட்டிலில் கிடந்த அத்தான் பேசினார்.

"பெரியப்பா, நாங்க ஆறு பேரும் இசக்கியம்மனை இடமாச் சுத்தினோம். எதிர வந்த இவன் ஒருத்தன்தான் வலமாச் சுத்தினான். காலு யாருக்கு முறிஞ்சிருக்குன்னு பாத்தியளா? அவனுக்கு ஒரு கீறல் உண்டுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த நேரம் என் முழங்கால் இரண்டிலும் தோலே கிடையாது. மடித்துக் கட்டியிருந்த வேட்டியை மெல்ல அவிழ்த்து இறக்கிவிட்டேன்.

"அம்மனை இடமாச் சுத்தச் சொன்னது எவன்?" என்று பெரியப்பா கேட்டார். குரல் இறங்கிவிட்டிருந்தது.

"டிரில் மாஸ்டர். வேண்டாம்னு சொன்னது இவன் மட்டும்தான். நான் கேட்டுக்கிட்டு நின்னேன்."

பெரியப்பா வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். கடைசியில், "தெய்வ பயம் உள்ள வீடுதான். தேதியை மாத்தாண்டாம்" என்றார். போகிற போக்கில் என் தலையில் கை வைத்து ஆசீர்வாதமும் செய்தார். மறுநாளே குளத்துக்குள் ஒரு பொங்கல் வைத்துப் பரிகாரம் செய்யச் சொன்னார். ஐந்து பந்தயக்காரர்களும் கும்பிட்டார்கள். டிரில் மாஸ்டர் பானை சுமந்தார்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி அழைத்து வருவது பெண்ணின் தம்பி வேலை. கட்டு நனையாமல் நான் பெருவிரலுக்கு மட்டும் தண்ணீர் விட்டேன். மணவறையைச் சுற்றும்போது அத்தான் என் தோளில் தொங்கிக்கொண்டு ஒற்றைக் காலில் தாவினார். அக்காள் பின்னால் வந்தாள். மூன்றாம் சுற்றில் அவர் என் காதோரம் குனிந்து, "மாப்ளே, மெதுவாப் போம். இன்னைக்காவது பிரேக் உண்டுமா?" என்றார். பின்னால் அக்காள் சிரிப்பை அடக்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

அதன் பிறகு நான் பந்தயத்துக்குப் போகவில்லை. ரொம்ப நாள் கழித்து, அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அத்தானிடம் கேட்டேன். "உங்க அக்கா நடையில நின்னாளே, நீரும் பாத்தீருல்லா" என்றார். அவ்வளவுதான்.

எலும்பு கூடிவிட்டது, ஆனால் கொஞ்சம் கோணலாகக் கூடியது. மழை வரும் முன்னால் வலிக்கும். அந்தக் கணுக்காலுக்கு அக்காள் வீட்டில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள், ஆறுமுகம். வானத்தைப் பார்க்காமலே, "துணியை எடுங்க பிள்ளையளா, ஆறுமுகம் குடையுகான்" என்பார் அத்தான். போன ஐப்பசியில் நான் போயிருந்தபோது அக்காள் பேரனின் புது மனைவி கதவைத் திறந்தாள். நான் யாரென்று கேட்டாள். ஆறுமுகம் என்றேன். அந்தப் பெண் திகைத்துப்போய் உள்ளே பார்த்து, "ஆச்சி, ஆறுமுகம்னு ஒருத்தர் வந்திருக்காரு" என்றாள்.

உள்ளேயிருந்து அக்காள் குரல் வந்தது. "இங்க ஒருத்தனுக்கு எண்ணெய் தேச்சுக்கிட்டு இருக்கேன். மத்தவனை உக்காரச் சொல்லு."